ஆமை புகுந்த கட்டம்

விலங்குக் கணக்கெடுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அழைத்திருக்கிறீர்கள். வாழ்த்திவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிற ஆள் நான் இல்லை என்பது உங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டது அவர்கள் தலையெழுத்து. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே விலங்கு வாழ்கிறது என்று துள்ளிக் குதிக்காதீர்கள். அங்கே கையில் போனோடு ஒரு மனிதர் நின்றார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

ஒரு காலத்தில் எங்கள் வரைபடத்தில் மதுரை வட்டாரத்து மயில்கள் எல்லாம் திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டியே குடியிருந்தன. அதிலும் கொட்டாம்பட்டிக்கு முன்னால், பஸ்ஸை நிறுத்தி டீ குடிக்கிற இடத்தில், மயில்களுக்கு மாநாடே நடந்தது. மயிலுக்கு டீ பிடிக்கும் என்று நினைக்கிறீர்களா? பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்குப் பொழுது போகவில்லை, படம் எடுத்து அனுப்பினான். அவ்வளவுதான். இதை ஒரு அறிக்கையாகவே எழுதி, மயில்கள் போக்குவரத்துக்குப் பழகிவிட்டன என்று முடித்தவர்களும் உண்டு. அந்த அறிக்கையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் இரண்டு வழியில் தகவல் சேர்த்தோம். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். ஒன்று, நடை. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எல்லாக் கட்டத்திலும் ஒரே முறையில் நடந்து, கண்ணில் பட்டதையும் எழுதுவது, படவில்லை என்பதையும் எழுதுவது. இன்னொன்றுக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் போறபோக்கு. ஆடு மேய்க்கிறவர், பால்காரர், பஸ் பயணி, யாராக இருந்தாலும் போகிற போக்கில் பார்த்ததைப் படம் பிடித்து எங்கள் எண்ணுக்கு அனுப்பலாம். நடையில் ஒழுங்கு உண்டு, கண்கள் குறைவு. போறபோக்கில் கண்கள் ஏராளம், ஒழுங்கு கிடையாது. இரண்டையும் சேர்த்தால் முழுப் படம் கிடைக்கும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். சேர்க்கும்போது இரண்டின் தப்பும் சேர்ந்துகொள்ளும் என்பதைச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

நான் சொல்ல வந்தது நட்சத்திர ஆமையைப் பற்றி. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போட்டிருக்குமே, அது. தரையில் வாழ்வது. முள்ளும் புதரும் பாறையும் கிடக்கிற காய்ந்த கரட்டில்தான் அதற்கு வாழ்க்கை. அதற்கு நீந்தத் தெரியாது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் ஜில்லாவில் பாதிப்பேருக்கு இது தெரியவில்லை.

கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கரடு இருக்கிறது. அதைச் சுற்றிச் சில ஊர்கள். அந்தக் கரட்டைத் தரிசு என்று முடிவு கட்டி, இயந்திரம் வைத்துச் சமப்படுத்தி, மழைக்கு முன்னால் குழி தோண்டி மரக்கன்று நடப்போவதாக ஒரு திட்டம் வந்தது. இருக்கிற காட்டைச் சுரண்டிப் போட்டுவிட்டுக் காடு வளர்ப்பது. இந்த ஞானம் எங்கிருந்து உதிக்கிறது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. ஆனால் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி கெட்டவர் இல்லை. அங்கே ஏதாவது அரிய உயிர் இருந்தால் சொல்லுங்கள், வேலையை வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறேன் என்று எங்களிடம் கேட்டார். கேட்கிற அதிகாரி கிடைப்பதே அபூர்வம்.

எங்கள் அலுவலகம் அப்போது தல்லாகுளத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. வரைபடம் போடுகிற வேலை கார்த்தியுடையது. கெட்டிக்காரப் பையன், ஆனால் கணினி சொன்னால் வேதவாக்கு. நடையையும் போறபோக்கையும் ஒன்றாகக் கலந்து அவன் போட்டுக் காட்டிய படத்தைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கரடு முழுக்க வெள்ளை. ஆமையே கிடையாது. அங்கிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு கோவில் தெப்பக்குளம் மட்டும் ரத்தச் சிவப்பு. அந்தக் குளம்தான் நட்சத்திர ஆமையின் தலைநகரமாம்.

"தம்பி, இது தண்ணிக்குள்ள இருக்கிற ஆமை இல்லப்பா," என்றேன்.

"படம் வந்திருக்கே மேடம். ஒண்ணு ரெண்டு இல்ல, வாரா வாரம் வருது. எல்லாம் தெளிவான படம். கரட்டுல நம்ம ஆளுகளே நடந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்க. ரெண்டு தரவும் ஒரே பதிலைத்தானே சொல்லுது."

ரெண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பது கார்த்தியின் கட்சி. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் நடைக் கணக்கை எடுத்து முதலில் எந்த மாதம் நடந்தார்கள் என்று பார்த்தேன். மாசியிலும் பங்குனியிலும் நடந்திருக்கிறார்கள். நிதியாண்டு முடிவதற்குள் முடிக்க வேண்டுமாம். வண்டி அப்போதுதான் கிடைத்ததாம். அந்த வெயிலில் ஆமை புதருக்கு அடியில் ஒளிந்து முடங்கிக் கிடக்கும். மழை விழுந்தால்தான் எட்டிப் பார்க்கும். மார்ச் முப்பத்தொன்று என்று ஒரு நாள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளே, பார்க்கவில்லை என்று எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் அதை இல்லை என்று படிப்பது கெட்ட பழக்கம். எந்த மாதம், எந்த நேரம், என்ன வெயில் என்று கேட்காமல் ஒரு பூஜ்யத்தையும் நம்பாதீர்கள்.

சரி, குளம் ஏன் சிவப்பு? மறுநாள் வெள்ளிக்கிழமை, நானே பஸ் பிடித்துப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பதி வண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் சாக்குப் பை. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் பையைக் கவிழ்த்தார்கள். உள்ளிருந்து நட்சத்திர ஆமை உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். சேலையெல்லாம் பாசி. சுற்றி நின்றவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். ரெண்டு பேர் படம் கூட எடுத்தார்கள். அந்தப் படமும் அன்று சாயங்காலம் எங்கள் எண்ணுக்கே ஒரு புள்ளியாக வந்து சேர்ந்தது.

"எங்கருந்து கொண்டாந்தீங்க?" என்று அந்த ஆளைக் கேட்டேன்.

"ரோட்டுல கெடந்துச்சுங்க."

"எந்த ரோட்டுல?"

"ஏதோ ஒரு ரோடு," என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

கோவில் வாசலில் பூ விற்கிற அம்மாதான் சிரித்தார். "எல்லாரும் ரோட்டுல கெடந்துச்சுன்னுதான் சொல்லுவாக. வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு எவ சொல்லுவா?" என்றார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆமை வாசலுக்கு வந்துவிட்டால் கொல்லவும் மாட்டார்கள், பாவம். வைத்திருக்கவும் மாட்டார்கள், பயம். மூட்டை கட்டித் தொலைவில் ஒரு சாமி குளத்தில் விட்டுவிட்டால் பாவமும் தீர்ந்தது, பயமும் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஆமைதான் மூழ்கிச் சாகிறது. ஆக, எங்கள் சிவப்புப் புள்ளிகள் அத்தனையும் ஆமை வாழும் இடம் இல்லை, சாகும் இடம். வீட்டுக்கு வந்ததை ஒருவரும் சொல்லாததால் அது வாழும் இடம் வெள்ளையாகக் கிடந்தது. அன்று இரவே ஒரு அறிவிப்பு எழுதிக் குளத்துச் சுவரில் ஒட்ட ஏற்பாடு செய்தேன்: இது தரையாமை, தண்ணீரில் விட்டால் செத்துவிடும்.

புரட்டாசியில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. அடுத்த நாள் காலையில் எங்கள் எண்ணுக்கு ஒரு படம். வீட்டு வாசல், ஆட்டுக்கல், அதன் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நட்சத்திர ஆமை. இடமும் துல்லியமாக வந்திருந்தது, கரட்டின் அடிவாரத்து ஊர். கரட்டுப் பக்கமிருந்து எங்களுக்குக் கிடைத்த முதல் உயிருள்ள சாட்சி அது. கார்த்தி கைதட்டிவிட்டான். தட்டிய கையை இறக்குவதற்குள் இன்னொரு செய்தி வந்தது: தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

நான் போன் போட்டேன். எடுத்தது ஒரு அம்மா. "எங்க வீட்டுக்கு ஆமையும் வரல, பூனையும் வரல. வைங்க போனை," என்றார்.

வைத்துவிட்டேன். வைத்துவிட்டுக் கொட்டாம்பட்டி பஸ் ஏறினேன்.

அந்த அம்மாவின் பெயர் பாண்டியம்மாள். கூலிக்கு நாற்று நட்டுச் சேர்த்து, கரட்டை ஒட்டிச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிக் கடலை போட்டிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள் செல்வி, கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி வேனிலேயே போய் வருவாள். சர்வே என்று வருகிற பெண்கள் எல்லாரும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான், நானும் டீச்சர் ஆனேன்.

"வெயில்ல வந்திருக்கீங்க டீச்சர், மோரைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க. ஆமையெல்லாம் இங்க இல்ல."

"படம் வந்துச்சும்மா. ஆட்டுக்கல்லு பக்கத்துல நிக்கிது."

"ஆட்டுக்கல்லு ஊருல அம்புட்டு வீட்டுலயும் கெடக்கு."

உள்ளேயிருந்து செல்வி வந்தாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. "நாந்தான் அனுப்புனேன். அம்மா அழுதுச்சு, அதான் அழிக்கச் சொன்னேன்," என்றாள்.

பாண்டியம்மாள் மகளை முறைத்த முறைப்பில் நானே ஒரு அடி பின்னால் போனேன். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "பூ வச்சுட்டுப் போயிருக்காக டீச்சர். தையில கல்யாணம். மாப்ளை ஊரு அந்தா, கரட்டுக்கு அந்தப் பக்கந்தான். ஆமை புகுந்த வீட்டுல பொண்ணு எடுக்குறோமான்னு ஒரு வார்த்தை அங்க கெளம்புச்சுன்னா போச்சு. தகப்பன் இல்லாத பிள்ளை. இந்தச் சம்பந்தத்துக்கு நான் எம்புட்டு அலைஞ்சேன்னு எனக்குத்தான் தெரியும். உங்க படத்துல எங்க வீட்டைப் போட்டுறாதீங்க."

"ஆமையை என்ன செஞ்சீங்க?"

"தெப்பத்துல விட்டுட்டு வாடின்னேன். கேட்டாளா? கையில தூக்கிக்கிட்டுக் கரட்டுக்குப் போயிட்டா. நாளைக்கே திரும்பி வந்து நின்னா என்ன செய்வா?"

"அது வீடு அங்கதானேம்மா இருக்கு," என்றாள் செல்வி. அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த அம்மா மேல் இல்லை. ஒரு பழமொழிக்குப் பயந்து ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு இருக்கிறது, அந்த மௌனத்தை நம்பி ஒரு இயந்திரம் வரப்போகிறது, நடுவில் ஒரு பெண்ணின் கல்யாணம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் என்ன செய்ய முடியும்? உங்கள் வீட்டுப் பேச்சு என் வாயிலிருந்து வராது என்று வாக்குக் கொடுத்தேன். மோரைக் குடித்தேன்.

கிளம்பும்போது பாண்டியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்கு மட்டுமா வந்துச்சு? பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன வருசமே வந்துச்சு. அவ வாயைத் தொறந்தாளா?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தையே என் காதில் கிடந்தது. உன் வீட்டுக்கு ஆமை வந்ததா என்று கேட்டால் உலகமே ஊமை. பக்கத்து வீட்டுக்கு வந்ததா என்று கேட்டால்?

அலுவலகத்துக்குப் போனால் அங்கே அடுத்த தலைவலி. அதிகாரி போன் செய்திருந்தார். இயந்திரத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, இடத்தோடு ஒரே ஒரு படம் காட்டுங்கள், இன்றைக்கே நிறுத்துகிறேன் என்றார். படம் என் போனில் இருந்தது. கார்த்தி என்னைப் பார்த்தான்.

"மேடம், அனுப்பிரலாம். ஒரு கல்யாணத்தைப் பாத்தா மொத்தக் கரடும் போயிரும்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம். ஆனால் அந்தப் படம் போனால் அது அதிகாரியோடு நிற்காது. கோப்பில் ஏறும், கூட்டத்தில் காட்டுவார்கள், யாராவது கைபேசியில் பிடித்து ஊர் குழுவில் போடுவார்கள். அன்றோடு அந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலிருந்தும் எங்களுக்கு ஒரு படம் கூட வராது. ஒரு ஆளைக் காட்டிக்கொடுத்து வாங்குகிற புள்ளி, அடுத்து வரவேண்டிய புள்ளிகளையெல்லாம் தின்றுவிடும். நான் அதிகாரியிடம் படம் இல்லை என்று பொய் சொல்லவில்லை. படம் இருக்கிறது, காட்ட மாட்டேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். அவர் போனிலேயே பெருமூச்சு விட்டார். ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த வாரம் நடைக்குப் போகிற அதே ஆட்களை ஊர் ஊராக அனுப்பினேன். கரட்டைச் சுற்றிய ஊர்களுக்கு மட்டும் இல்லை, வெகுதூரத்தில் வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர்களுக்கும். எல்லா ஊரிலும் ஒரே கேள்வி, ஒரே மாதிரி கேட்க வேண்டும்: பக்கத்து வீட்டுக்கு ஆமை வந்ததா? வீட்டுக்காரர் பெயரை எழுதக் கூடாது. நானும் போனேன்.

கரட்டோரத்து ஊர்களில் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. மேலவீட்டுக்கு வந்தது, கீழவீட்டுக்கு வந்தது, கடைக்காரர் வீட்டுக்கு ரெண்டு தரம் வந்தது. எங்க வீட்டுக்கா? சேச்சே, வரவே இல்லை. எதிர்வீட்டில் போய்க் கேட்டால் அவர்கள் இந்த வீட்டைக் கைகாட்டினார்கள். செல்வியின் மாப்பிள்ளை ஊரிலும் கேட்டேன். ஒரு பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தா, தையில மகனுக்குக் கல்யாணம் வச்சிருக்காகளே, அவக வீட்டுக்குத்தான் போன ஐப்பசியில வந்துச்சு. சாக்குல கட்டி வண்டியில கொண்டுபோனாக, நான் என் கண்ணால பாத்தேன்," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதையும் வெளியே சொல்ல முடியாது, அதற்கும் இதே வாக்குத்தான்.

தூரத்து ஊர்களில் பக்கத்து வீட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். கள்ளச் சாவி, மாமியார் சண்டை, எல்லாம் வந்தது. ஆமை மட்டும் வரவில்லை.

கூட்டத்தில் அதிகாரி முகத்தைச் சுளித்தார். "மேடம், ஊர் வம்பைக் கொண்டுவந்து தரவுங்கிறீங்க."

"வம்பு எல்லா ஊர்லயும் ஒரே அளவுதான் சார். ஆமை மட்டும் ஒரு பக்கம்தான் இருக்கு," என்றேன்.

கார்த்திக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. போறபோக்கில் வந்த புள்ளிகளை, கொண்டுபோய் விட்ட இடம் என்று தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, ஊர் ஊராகக் கேட்டதைக் கட்டமாகப் போட்டுக் காட்டினான். எந்த வீடும் தெரியாது. கரடும் அதைச் சுற்றிய ஊர்களும் ஒரே பெரிய கட்டம், அது மட்டும் சிவப்பு. மாசி நடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அடுத்த மழைக்கு மறுநாள் திரும்ப நடப்போம், அதுவரை குழியை வேறு பக்கம் தோண்டுங்கள் என்று கேட்டோம். அதிகாரி ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு சரி என்றார். வடக்கு மூலையில் கொஞ்சம் முன்னமே தோண்டிவிட்டார்கள், அது போனது போனதுதான். ஐப்பசி மழைக்கு மறுநாள் நாங்கள் நடந்தபோது புதருக்குப் புதர் ஆமை நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன். திட்டத்தை மாற்றியதற்குக் காரணம் தெரியவேண்டும் என்று அந்தக் கட்டப் படத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்கள். அதைப் பார்த்து ஊர் பேச ஆரம்பித்தது. ஐப்பசி கடைசியில் ஒருநாள் செல்வியின் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் இருவரும் தல்லாகுளத்துக்கே வந்து, ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறி, என் எதிரில் உட்கார்ந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியில் விறைப்பாக இருந்தார். அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"பொண்ணு எங்க பய கிட்ட போன்ல சொல்லியிருக்கு," என்று அவர் ஆரம்பித்தார். "அவுக வீட்டுக்கு ஆமை வந்துச்சு, தானே கரட்டுல கொண்டுபோயி விட்டேன்னு. சம்பந்தியம்மாவைக் கேட்டா சத்தியம் பண்றாக, அப்பிடி ஒண்ணும் நடக்கலன்னு. ஒருத்தி பொய் சொல்றா. பொய் சொல்ற குடும்பத்துல எப்பிடிப் பொண்ணு எடுக்குறது? நீங்க அந்த வீட்டுக்கு வந்து போனதா ஊர்ல சொல்றாக. வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தலையை மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வந்தது என்றால் பாண்டியம்மாளுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு, அவர் பொய்க்காரி ஆகிறார். வரவில்லை என்றால் செல்வி பொய்க்காரி ஆகிறாள். எப்படிச் சொன்னாலும் தையில் கல்யாணம் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்த ஆமை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் மனிதர் வாயடைத்துப் போவார். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் வீட்டைச் சொன்ன பெண்ணுக்கும் நான்தானே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கட்டப் படத்தை எடுத்து மேசையில் விரித்தேன். "இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிற எந்த வீட்டைப் பத்தியும் நான் பேச மாட்டேன். ஆமை இந்தக் கட்டத்துல இருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும். சம்பந்தி ஊரு இங்க இருக்கு. உங்க ஊரு இந்தா இங்க இருக்கு. ரெண்டும் ஒரே கட்டந்தான்."

"எங்க ஊரைப் பத்தி யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நாளைக்கு யாராவது வந்து உங்க வீட்டைப் பத்திக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லுவேன்."

அவர் படத்தையே பார்த்தார். அந்த அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"தெப்பக்குளத்துச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தது நீங்களா?"

"ஆமாங்க."

"தண்ணியில விட்டா செத்துருமா? நெசமாவா?"

"நெசந்தாம்மா. அதுக்கு நீந்தத் தெரியாது. கொஞ்ச நேரம் தத்தளிக்கும், அப்புறம் மூழ்கிரும்."

"சூடமேத்திக் கும்புட்டுத்தானே விட்டோம்," என்றார் அந்த அம்மா. சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியாமல் வந்த வார்த்தை.

"ஏய்," என்றார் கணவர்.

"என்ன ஏய்? இவுககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? சாக்குல கட்டுனது யாரு, நீங்கதானே? வண்டியில பின்னால உக்காந்து மடியில வச்சிருந்தவ நானு. வழி பூராம் சாக்குக்குள்ள காலை ஒதைச்சுக்கிட்டே வந்துச்சு. நல்லா இருன்னு சொல்லித்தான் விட்டேன்." அவர் முந்தானையை எடுத்துக் கண்ணை அழுத்தித் துடைத்தார்.

கார்த்தி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். யாரும் குடிக்கவில்லை.

கணவர்தான் முதலில் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். படத்தைக் குனிந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "அப்ப எங்க வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு முன்னமே தெரியும். எங்க வீட்டைச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.

"சொல்ல மாட்டேன்னுதானே இம்புட்டு நேரம் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"அதை விடுங்க," என்றார் அந்த அம்மா. பையை எடுத்துக்கொண்டு அவரும் எழுந்தார். "நம்ம பயந்துக்கிட்டு அதைக் கொண்டுபோயிக் கொன்னுட்டு, ஒரு வருசமா வாயைத் தொறக்கல. அந்தப் புள்ள தனியா கையில தூக்கிக்கிட்டுப் போயி அது எடத்துல விட்டுட்டு வந்திருக்கு. வந்து, கட்டிக்கப்போறவன்கிட்ட நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கு. அவ ஆத்தா பயத்துல சொன்ன பொய்யைப் பெருசாக்கிக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கோம் நம்ம." மாடிப்படியில் ஒரு காலை வைத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "தை வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கணும்? கார்த்திகையிலயே வச்சுக்கிறலாமான்னு இன்னைக்கே போயிக் கேளுங்க. முதல்ல நம்ம வீட்டுக்கும் வந்துச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் கேளுங்க."